கோட்டை வேறு, கோப்பை வேறு

கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில், கலிஸ்டோகா ஊரை ஒட்டி ஒரு கோட்டை நிற்கிறது. அகழி உண்டு, இழுபாலம் உண்டு, காவல் கோபுரங்கள் உண்டு. பூமிக்கடியில் ஒரு சித்திரவதைக் கூடம்கூட உண்டு. 13-ஆம் நூற்றாண்டு டஸ்கனியிலிருந்து அப்படியே பெயர்த்து வந்ததுபோல் இருக்கும் அது திறக்கப்பட்டது 2007-இல். டேரியோ சட்டூயி என்ற ஒயின் தயாரிப்பாளர் ஐரோப்பாவிலிருந்து பழைய செங்கல்லையும் கல்லையும் வரவழைத்து 107 அறைகளோடு கட்டியது. பெயர் கஸ்தெல்லோ தி அமொரோசா. நுழையக் கட்டணம் உண்டு. சில மிடறு ஒயின் அதில் அடக்கம். இந்தக் கோட்டையின் ஒயின் வெளிக்கடைகளுக்கு வருவதில்லை. கோட்டையிலேயே வாங்க வேண்டும், இல்லையென்றால் கோட்டையிடமே எழுதிப்போட்டு வரவழைக்க வேண்டும். இன்னொருவர் ஒயினுக்குப் பக்கத்தில், ஒரே அலமாரியில், விலைச்சீட்டோடு நிற்கும் நிலைமை அதற்கு வருவதே இல்லை.

சட்டூயி செய்ததில் ஒளிவு மறைவு ஒன்றும் கிடையாது. கோட்டை வேண்டும் என்று ஆசைப்பட்டார், கட்டினார், டிக்கெட் போட்டார். சிக்கல், அந்தக் கோட்டையைச் சுற்றி உலகம் முழுக்க வளர்ந்துவிட்ட ஒரு நம்பிக்கையில் இருக்கிறது. ஒயினின் உண்மையான மதிப்பு தெரிய வேண்டுமானால் அது பிறந்த மண்ணுக்குப் போக வேண்டும். தோட்டத்தில் நடக்க வேண்டும். செய்தவர் கையால் வாங்கி அங்கேயே குடிக்க வேண்டும். இதுதான் அந்த நம்பிக்கை. பயண இதழ்கள் இதைச் சொல்கின்றன. சுற்றுலாத் துறைகள் சொல்கின்றன. ஐ.நா.வின் உலகச் சுற்றுலா அமைப்பு இதற்கென்றே 2016-இல் ஜார்ஜியா நாட்டில் தொடங்கி உலக மாநாடுகள் நடத்துகிறது. அதே ஆண்டு போர்தோ நகரம் ஒயினுக்காக ஒரு பெரும் காட்சியகத்தைத் திறந்தது. ஸ்பெயினின் ரியோகாவில் மார்க்கேஸ் தே ரிஸ்கால் ஆலை, கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரியை அழைத்து, டைட்டானிய நாடாக்களைச் சுருட்டிப் போட்டதுபோல் ஒரு ஹோட்டலை 2006-இல் எழுப்பியது. நம் நாசிக்கில் சூலா நிறுவனம் 2005-இல் சுவைக்கூடம் திறந்ததிலிருந்து மும்பைக்காரர்களின் வார இறுதியே மாறிப்போனது.

ஊர் சுற்றுவதில் தவறில்லை. ஆனால் ஒயினை மதிப்பிட உலகத்திலேயே மோசமான இடம் எது என்று கேட்டால், அது விளைந்த தோட்டம்தான்.

இதற்கு முதல் சாட்சி நாபாவே. அந்தப் பள்ளத்தாக்குக்கு உலகப்புகழ் வந்தது 1976 மே 24 அன்று, ஏறக்குறைய 9,000 கிலோமீட்டர் தள்ளி, பாரிஸின் இன்டர்கான்டினென்டல் ஹோட்டலில். பாரிஸில் ஒயின் கடை வைத்திருந்த ஆங்கிலேயர் ஸ்டீவன் ஸ்பரியர் ஒரு சுவைப்பு விழாவை ஏற்பாடு செய்தார். வெள்ளையில் பத்து, சிவப்பில் பத்து. ஒவ்வொன்றிலும் ஆறு கலிஃபோர்னியா, நான்கு பிரான்ஸ். லேபிள் தெரியாது. மார்க் போட்டவர்களில் கணக்கில் எடுக்கப்பட்ட ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள், அதுவும் சாதாரணப்பட்டவர்கள் கிடையாது. ரொமானே கோந்தி தோட்டத்தின் பங்குதாரர் ஓபேர் த வில்லேன் இருந்தார். பிரான்ஸின் முன்னணி ஒயின் இதழின் ஆசிரியர் ஒடெத் கான் இருந்தார். பாரிஸின் புகழ்பெற்ற உணவகம் ஒன்றின் சமையல் மேதை ரேமோன் ஒலிவியே இருந்தார். நாபாவின் ஷார்டனே வெள்ளை ஒயின் ஒன்றைச் சுவைத்துவிட்டு, அப்பாடா, பிரான்ஸுக்குத் திரும்பி வந்துவிட்டோம் என்று மகிழ்ந்தவர் இவர்தான்.

வெள்ளையில் ஷாத்தோ மாண்டெலீனா 1973 முதலிடம். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ் 1973 முதலிடம். முடிவு தெரிந்ததும் ஒடெத் கான் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார். கிடைக்கவில்லை.

இந்த நீதிபதிகளை முதலில் நாபாவுக்கு அழைத்துப்போய், தோட்டத்தைச் சுற்றிக்காட்டி, பிறகு ஊற்றிக்கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஸ்டாக்ஸ் லீப் தோட்டத்தில் கொடி நட்டது 1970-இல். வென்ற ஒயின் மூன்று வயதுக் கொடியின் பழம். நல்ல சிவப்பு ஒயினுக்குக் கொடி முதிர வேண்டும் என்று பாலபாடமாகப் படித்த பிரெஞ்சுக்காரர் எவரும், அந்தக் குச்சிகளைப் பார்த்த நொடியிலேயே உதட்டைப் பிதுக்கியிருப்பார். மாண்டெலீனா கதை இன்னும் சுவை. இன்று அங்கே போகிறவர்கள் ஐவி படர்ந்த கல்மாளிகையையும் ஏரியையும் சுற்றிலும் உள்ள கொடிகளையும் பார்த்து, அந்த 1973 பிறந்த மண் இதுதான் என்று சிலிர்க்கிறார்கள். அந்த ஷார்டனேயின் பழத்தில் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கம், சொனோமா மாவட்டத்து விவசாயிகளிடம் விலைக்கு வாங்கியது. லேபிளிலேயே நாபா, அலெக்சாண்டர் இரண்டு பள்ளத்தாக்குகளின் பெயரும் இருந்தது. சிலிர்ப்புக்கும் ஒயினுக்கும் நடுவில் ஒரு மலைத்தொடர் கிடக்கிறது.

பாரிஸுக்கு அந்தப் புட்டிகளைச் சுமந்து போனவர்கள் யார் தெரியுமா? பிரான்ஸுக்கு ஒயின் சுற்றுலா கிளம்பிய ஒரு அமெரிக்கக் குழுவினர். ஒயின் வரலாற்றுக்குச் சுற்றுலாப் பயணிகள் செய்த ஆகப்பெரிய தொண்டு சுமைகூலி வேலைதான் என்று சொன்னால் கொஞ்சம் குறும்பாகத்தான் இருக்கும்.

மறைத்துச் சுவைப்பதும் வேதவாக்கு கிடையாது. சிவப்பில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இருந்த வித்தியாசம் 20-க்கு 14.14, 14.09. இன்னொரு நாள் இன்னொரு மேசையில் இது புரண்டிருக்கும். 2006-இல் அதே பழைய சிவப்புகளை மறுபடி சுவைத்தபோது ரிட்ஜ் நிறுவனத்தின் மாண்டே பெல்லோ 1971 முந்தியது. ஆனால் யார் ஜெயித்தார்கள் என்பதா அந்த மதியத்தின் சேதி? பிரான்ஸின் உச்சத்தோடு கலிஃபோர்னியா ஒரே தட்டில் நிற்கிறது என்பதைப் பிரெஞ்சு நாக்கே ஒப்புக்கொண்டதல்லவா சேதி? அதை ஒப்புக்கொள்ள வைத்தது, கோப்பையில் இருப்பது எந்த ஊர் ஒயின் என்ற அறியாமை.

கண்ணும் காதும் நாக்கை எப்படி இழுத்துக்கொண்டு போகின்றன என்பதற்கு ஆய்வுகள் நிறைய. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் ஒயின் பகுதியில் ஒருநாள் பிரெஞ்சு அக்கார்டியன் இசையும் மறுநாள் ஜெர்மன் பீர்விழா இசையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். பிரெஞ்சு இசை நாளில் பிரெஞ்சு ஒயின் அதிகம் விற்றது, ஜெர்மன் இசை நாளில் ஜெர்மன். வாங்கியவர்களில் பெரும்பாலோர் இசைக்கும் தங்கள் தேர்வுக்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள். 1997-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது. ஒரு ஒலிபெருக்கிக்கே இந்தச் சக்தி என்றால் அகழியும் இழுபாலமும் என்ன செய்யாது!

2001-இல் போர்தோவில் ஃபிரெடெரிக் புரோஷே என்ற ஆய்வாளர் செய்தது இதைவிடக் கொடுமை. ஒயின் படிப்பு படிக்கும் 54 மாணவர்களிடம் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார். சிவப்பு ஒயினுக்கு வழக்கமாகச் சொல்லும் சொற்களையே அவர்கள் அடுக்கினார்கள். கால்டெக், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2008-இல் ஒரு படி மேலே போனார்கள். ஆட்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் ஒருமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்றபோது அதிகம் பிடித்தது. வாயால் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. இன்பத்தைப் பதிவுசெய்யும் மூளைப் பகுதியும் கூடுதலாக விழித்தது.

இங்கேதான் எதிர்த்தரப்பு தன் பலமான வாதத்தை எடுக்கிறது. சரி, அந்த இன்பம் பொய்யில்லையே, மூளையே சாட்சி சொல்கிறதே. அந்தி வெயிலும் கொடிவரிசையும் ஒயினை இனிமையாக்குகின்றன என்றால், அதுவும் ஒயினின் மதிப்பில் சேர்ந்ததுதானே? அலட்சியம் செய்ய முடியாத வாதம். ஆனால் இதை வைப்பவர்கள் அடுத்த காட்சியை விட்டுவிடுகிறார்கள். சுவைத்தவர் ஆறு புட்டி, பன்னிரண்டு புட்டி என்று பெட்டியாக வாங்கி வண்டியில் ஏற்றுகிறார். அந்தி வெயில் பெட்டியில் ஏறுவதில்லை. அங்கே அனுபவித்த இன்பத்துக்கு நுழைவுக் கட்டணம் கொடுத்தாயிற்று, ஹோட்டலுக்கும் கொடுத்தாயிற்று. அதே இன்பத்துக்கு மூன்றாவது தடவை புட்டி விலையிலும் கொடுக்கிறார். வீட்டில் திறந்தால் சப்பென்று இருக்கிறது. அதற்கும் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது: இந்த ஒயின் பயணம் தாங்காது, அந்த ஊரில் குடித்தால்தான் ருசி.

பிரான்ஸின் தென்கடற்கரையில் குடித்த ரோசே ஒயினைப் பற்றி இப்படிப் புலம்பாத பயணி குறைவு. வெயிலில் சுடாமலும் குலுக்கிச் சாகடிக்காமலும் கொண்டுவந்த ஒயினுக்கு வழியில் ஒன்றும் ஆகிவிடுவதில்லை. காணாமல்போனது கடற்காற்று, ஐஸ் வாளி, பசி, விடுமுறை.

பயணம் ஒயினைக் கெடுக்கும் என்பவர்கள் மதேராவை மறந்துவிடுகிறார்கள். அட்லாண்டிக் தீவான மதேராவின் ஒயின், பீப்பாயில் கப்பலேறி வெப்பமண்டலக் கடலில் மாதக்கணக்கில் வெந்து ஆடிப் போனபோதுதான் ருசி கூடியது. இதைக் கண்டுகொண்டவர்கள், போய்த் திரும்பி வந்த பீப்பாய்களுக்குத் தனிப்பெயரும் கூடுதல் விலையும் வைத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் வழியில் அங்கே நின்று பீப்பாய்களை ஏற்றி வந்தன. சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அதிகாரிகளின் சாப்பாட்டு மேசையில் மதேரா அன்றாடப் பொருள். தீவிலேயே இருந்திருந்தால் அந்தச் சரக்குக்கு அந்தப் பெயரே கிடைத்திருக்காது. பிறகு தீவுக்காரர்கள் கப்பல் செலவை மிச்சம்பிடிக்க, ஒயினைச் சூடான அறைகளில் வைத்து அந்தக் கடற்பயணத்தையே ஊரில் நடிக்கவைத்தார்கள் என்பது தனிக்கதை.

இன்னும் பின்னால் போனாலும் இதுதான். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடற்பகுதியின் ஒயின் சாடிகள் உடைசல்களாகக் கிடைத்தன. பின்னர் ஆராய்ந்தவர்கள் அவற்றில் பலவற்றைக் கிரேக்கத் தீவான காஸின் பாணி இரட்டைக் கைப்பிடிச் சாடிகள் என்று அடையாளம் கண்டார்கள். புறநானூற்றுப் புலவர் நக்கீரர் பாண்டியனை வாழ்த்தும்போது யவனர் கொண்டுவந்த மதுவை ஒரு சிறப்பாகச் சொல்கிறார். பாண்டியன் அவையில் எவரும் காஸ் தீவின் கொடியைப் பார்த்தவர் இல்லை. காஸ் ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கம். அதை இத்தாலியிலேயே போலியாகச் செய்வது எப்படி என்று ரோமானியரான கேட்டோ செய்முறையே எழுதி வைத்திருக்கிறார். ஆக இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர்ப்பெயர் ஒரு வியாபாரச் சரக்கு. அப்போதே அதற்கு டூப்ளிகேட்டும் உண்டு.

சுவைக்கூடத்துக்கு வருவோம். அங்கே நடப்பது என்ன? ஐந்தாறு கோப்பைகள், ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு மிடறு. வரிசையை முடிவுசெய்வது விற்பவர். சிவப்பு ஒயினின் துவர்ப்பு நாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். நான்காவது கோப்பைக்குள் மென்மையான ஒயின் எதுவும் தண்ணீராகத் தோன்றும், இனிப்பும் ஆல்கஹாலும் தூக்கலானது மட்டும் எடுபடும். நிபுணர்கள் துப்புகிறார்கள், பயணிகள் விழுங்குகிறார்கள். பக்கத்தில் சிரித்தபடி நிற்பவர் தன் தாத்தா நட்ட கொடியைப் பற்றிச் சொல்கிறார். பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜிக்கும் சொஜ்ஜிக்கும் யாராவது குறை சொல்வார்களா? கடைசியில் கல்லாப்பெட்டி. ஒரு தலைமுறைக்கு முன் நாபாவில் பெரும்பாலும் இலவசமாக ஊற்றினார்கள். இன்று பல இடங்களில் தலைக்கு 50 டாலருக்கு மேல். வாங்கினால் கட்டணத்தைக் கழித்துக்கொள்கிறோம் என்று சில ஆலைகள் சொல்லும்போது, வாங்காமல் வருவதே நஷ்டம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது.

பயணி ஏமாந்தால் அது அவர் பர்சோடு போகிறது. சுற்றுலா, தரப்பட்டியலுக்குள்ளேயே நுழைந்துவிட்டால்? சாந்த் எமிலியோனில் அது நடந்தது.

போர்தோவின் வலது கரையில் உள்ள அந்த ஊர் தன் ஒயின்களுக்கு 1955 முதல் தரவரிசை போடுகிறது. ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்துகிறது. உச்சியில் ‘ஏ’ பிரிவு. அதில் ஓஸோன், ஷெவால் பிளான் என்ற இரண்டே பெயர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தன. 2012 திருத்தத்தில் ஆஞ்செலூஸும் பாவியும் அந்த உச்சிக்கு ஏற்றப்பட்டன. அந்தச் சுற்றில் முதல் தரத்துக்கான மதிப்பெண்ணில் சுவைக்கு 30 சதவீதம், பெயர்ப்புகழுக்கு 35. வருகிறவர்களை எப்படி வரவேற்கிறீர்கள், எப்படி விளம்பரப்படுத்துகிறீர்கள் என்பதெல்லாம் பார்க்கப்பட்டன. குடிக்கிற பொருளின் தரவரிசையில் குடித்துப் பார்த்ததற்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பட்டியலில் இடம் இழந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் ஓடின. 2021-இல் வெடித்தது பெரிய வெடி. ஓஸோனும் ஷெவால் பிளானும் அடுத்த தரவரிசைக்கு விண்ணப்பிக்கவே மாட்டோம் என்று அறிவித்தன. சமூக ஊடக இருப்பு, ஒயின் சுற்றுலா, விளம்பரம் போன்றவற்றுக்குத் தரும் எடை மண்ணையும் ஒயினையும் பின்னுக்குத் தள்ளுகிறது என்பது அவர்கள் குறை. 2022 தொடக்கத்தில் ஆஞ்செலூஸும் விலகியது. நான்கு உச்சிகளில் மூன்று இல்லாமலேயே அந்த ஆண்டுப் பட்டியல் வெளியானது.

தோட்டத்தைப் பார்த்தால்தான் மதிப்பு தெரியும் என்பவர்கள் ஓஸோனுக்கும் ஷெவால் பிளானுக்கும் என்ன பதில் சொல்வார்கள்? ஊரின் மிகப் புகழ்பெற்ற தோட்டக்காரர்களே, எங்கள் வாசலை எண்ணாதீர்கள், கோப்பையைப் பாருங்கள் என்கிறார்கள்.

இதோடு 1855 பட்டியலை ஒப்பிடலாம். மூன்றாம் நெப்போலியனின் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ வணிகச் சபை ஏப்ரல் 5-ஆம் தேதி தரகர்களிடம் தரவரிசை கேட்டது. 18-ஆம் தேதி பட்டியல் கையில் வந்தது. இரண்டு வாரம்கூட இல்லை. தரகர்கள் தோட்டம் தோட்டமாகக் குதிரையில் ஏறிப் போகவில்லை. பழைய கணக்கேடுகளைத் திறந்தார்கள். எந்தத் தோட்டத்தின் ஒயின் பல பத்தாண்டுகளாக என்ன விலைக்குப் போயிற்று என்று பார்த்து எழுதினார்கள். எத்தனையோ வாங்குபவர்கள், எத்தனையோ நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் சேர்ந்து போட்ட மதிப்பெண் அது. அன்று சரியாக இருந்தது. பிறகு அது கல்லில் பொறித்ததாகிவிட்டதுதான் கேடு. தரம் நிலத்துக்கு இல்லாமல் பெயருக்குக் கொடுக்கப்பட்டதால், அடுத்தடுத்து நிலம் வாங்கிச் சேர்த்த எஸ்டேட்டுகளும் அதே தரத்தோடு தொடர்கின்றன. பெரிதாக மாறியது ஒருமுறைதான், 1973-இல் மூட்டோன் ராத்ஸ்சைல்ட் முதல் தரத்துக்கு உயர்ந்தபோது. இன்று அந்தத் தோட்டங்களில் நின்று ‘1855-இன் மண்’ என்று புகைப்படம் எடுப்பவர் காலடியில் இருப்பது எந்த ஆண்டு வாங்கிய நிலமோ!

தோட்டத்துக்கே போய்ச் சுவைப்பதை ஒரு தொழிலாகச் செய்பவர்களும் உண்டு. ஒவ்வொரு வசந்தத்திலும் உலகத்தின் ஒயின் விமர்சகர்களும் வணிகர்களும் போர்தோவில் குவிகிறார்கள். போன இலையுதிர் காலத்தில் பறித்த பழத்தின் ஒயின், அரை வயதுகூடச் சரியாக நிரம்பாமல், பீப்பாயிலிருந்து மாதிரியாக வருகிறது. மாதிரியை எடுத்துக் கொடுப்பது தோட்டக்காரர். மிகப் பெரிய தோட்டங்கள், எங்கள் மாளிகைக்கே வந்து சுவையுங்கள் என்கின்றன. அங்கே மறைப்பதற்கு லேபிளே கிடையாது. இந்தச் சூழலில் எழுதப்பட்ட ஆரவாரமான மதிப்பெண்களை நம்பி 2010 விளைச்சலை உச்சவிலைக்கு முன்பதிவு செய்தவர்கள் பட்ட பாடு ஒயின் வணிகத்தில் எல்லோருக்கும் தெரியும். 2011 நடுவிலிருந்து சந்தை சரிந்தது. ஷாத்தோ லத்தூர் 2012-இல் இந்த முன்பதிவு முறையிலிருந்தே விலகிவிட்டது.

அந்த ஊருக்கே போகாமல், ஒரு சொட்டும் குடிக்காமல் கணித்தவரும் ஒருவர் இருந்தார். பிரின்ஸ்டன் பொருளியல் பேராசிரியர் ஆர்லி ஆஷன்ஃபெல்டர். குளிர்காலத்தில் பெய்த மழை, கொடி வளரும் காலத்துச் சராசரி வெப்பம், அறுவடையை ஒட்டிப் பெய்த மழை: இவற்றை வைத்தே ஒரு சமன்பாடு எழுதினார். பழைய போர்தோ ஏலங்களில் ஒரு விளைச்சல் ஆண்டுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள விலை வேறுபாட்டில் பெரும்பகுதியை அது விளக்கியது. 1989 பெரிய ஆண்டாக வரும் என்றார். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் கடுமையாக எள்ளினார். 1990-இல் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இந்தச் சண்டை வந்தது. 1989 நல்ல பெயரெடுத்தது. எந்தத் தோட்டம் எதைவிட மேல் என்று வெப்பமானி சொல்லாது. ஆனால் எந்த ஆண்டை நம்பலாம் என்பதைப் பீப்பாய்ப் பக்கத்தில் நின்றவர்களுக்கு ஈடாகவே அது சொல்லிற்று.

இந்த இடத்தில் வேறொரு கூட்டம் கைதட்டக் காத்திருக்கும். ஒயின் நிபுணத்துவமே பித்தலாட்டம், எல்லாப் புட்டியிலும் ஒரே தண்ணீர்தான் என்பவர்கள். அவர்களிடமும் ஆதாரம் உண்டு. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஆய்வாளர் நான்கு ஆண்டுகள் ஒரே புட்டியின் ஒயினை நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை கொடுத்துப் பார்த்தார். பத்தில் ஒரு நடுவர்தான் ஏறக்குறைய ஒரே மாதிரி மதிப்பெண் போட்டார். அப்படியும் கதை அங்கே முடிவதில்லை. 2008-இல் ராபின் கோல்ட்ஸ்டீன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் லேபிளை மறைத்துச் செய்த 6,000-க்கு மேற்பட்ட சுவைப்புகளைத் தொகுத்தார்கள். விலையுயர்ந்த ஒயினைச் சாதாரண ஆட்கள் கொஞ்சம் குறைவாகவே விரும்பினார்கள்; பயிற்சி பெற்றவர்களிடம் அந்தப் போக்கு இல்லை, சற்று எதிர்த்திசையில்தான் இருந்தது. நாக்கைப் பழக்கலாம், ஓரளவுக்கு. பத்தில் ஒன்பது நடுவர்கள் தடுமாறும் ஒரு வேலையைத் தோட்டத்து மேசையில் நான்கு கோப்பை உள்ளே போன பிறகு செய்துவிடலாம் என்று நம்புவதுதான் வேடிக்கை.

போலி ஒயின் விற்ற ரூடி குர்னியவான் பிடிபட்ட விதமும் நாக்கின் இந்தத் தடுமாற்றத்தையே காட்டுகிறது. அவர் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து வீட்டில் கலந்து தயாரித்த ‘பழம்பெரும் பர்கண்டி’ ஒயின்களைக் கோடீஸ்வரர்கள் குடித்து உருகினார்கள். 2008-இல் நியூயார்க் ஏலம் ஒன்றில் போன்சோ குடும்பத்தின் க்லோ சான் தெனி ஒயின், 1945 முதல் 1971 வரையிலான ஆண்டுகள் போட்டு விற்பனைக்கு வந்தது. குடும்பத் தலைவர் லோரான் போன்சோ தடுத்தார். அவர் குடித்துப் பார்க்கவில்லை; அந்தத் தோட்டத்து ஒயினைத் தன் குடும்பம் செய்யத் தொடங்கியதே 1980-களில்தான் என்பது அவருக்குத் தெரியும். குர்னியவானுக்கு 2014-இல் பத்தாண்டுச் சிறை கிடைத்தது.

தோட்டத்துக்குப் போவதால் பயனே இல்லையா? ஏன் இப்படி ருசிக்கிறது என்ற கேள்விக்கு அங்கே பதில் உண்டு. ஜார்ஜியாவின் காகெத்தியில் மண்ணில் கழுத்துவரை புதைத்த க்வெவ்ரி சாடிகளையும், அவற்றில் வெள்ளைத் திராட்சை தோலோடு மாதக்கணக்கில் ஊறுவதையும் பார்த்தவருக்கு, அந்த ஒயின் ஏன் செம்பொன் நிறத்தில் தேநீர்போலத் துவர்க்கிறது என்று விளங்கிவிடும். நாசிக்கில் பனிக்காலக் கொடித்தூக்கம் கிடையாது. ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து என்று கொடியை ஏமாற்றி, ஜனவரி முதல் மார்ச் வரை பறிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள நேரில் போவது நல்ல வழி. ஆனால் எப்படிச் செய்கிறார்கள் என்பதற்கான விடை, எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு விடையாகாது.

சிறிய தயாரிப்பாளர்களின் பிழைப்பு இதில்தான் என்பதும் உண்மை. இடைத்தரகர் இல்லாமல் வாசலில் விற்கும் ஒவ்வொரு புட்டியும் அவர்களுக்கு முழுக்காசு. அந்தக் காசு நல்ல ஒயின் செய்பவரைவிட நல்ல காட்சி உள்ளவரிடம்தான் முதலில் போய்ச் சேருகிறது. லுவார் நதியின் முகத்துவாரத்தில் விளையும் மஸ்கதே, ஈஸ்ட் வண்டலோடு ஊறி, நல்ல கைகளில் பத்தாண்டும் தாங்கும். கோட்டை பார்க்க வரும் பயணிகள் நதியின் நடுப்பகுதியோடு நின்றுவிடுகிறார்கள். கடையில் அதன் விலை இன்றும் எளியவர் கைக்கு எட்டும். இன்னொரு கோடியில் ரொமானே கோந்தி: 1.8 ஹெக்டேர், தாழ்ந்த ஒரு கற்சுவர், ஒரு சிலுவை, உள்ளே கால் வைக்காதீர்கள் என்று கேட்கும் ஒரு பலகை. வருகிறவருக்கு ஊற்றிக் கொடுக்க ஆளில்லை. அதன் 1945 புட்டி ஒன்று 2018-இல் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போயிற்று. அந்தத் தொகை அரிதின் விலை, ருசியின் விலை என்று நம்ப வேண்டியதில்லை. ஆனால் பார்வையாளர் கூடம் ஒன்று இல்லாததால் அதற்கு ஒரு சல்லியும் குறையவில்லை.

இந்தியாவில் கடை விலையும் துணைக்கு வராது. மாநில எல்லையைத் தாண்டும்போதெல்லாம் ஒயினின் மேல் தனித்தனித் தீர்வையும் பதிவுக் கட்டணமும் ஏறுகின்றன. நாசிக்கில் ஒரு விலைக்கு விற்கும் அதே புட்டி வேறொரு மாநிலத்தில் வேறு விலை. போதாததற்கு, வெயில் ஏறும் கிடங்கில் வாரக்கணக்கில் நின்ற ஒயின் வெந்து போயிருக்கலாம். இவ்வளவுக்கும் நடுவே ஒருவர் தானே தீர்மானிக்க விரும்பினால், உணவு ஆய்வகங்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் முக்கோணச் சோதனை இருக்கிறது. செலவு இரண்டு புட்டி. நாசிக்கிலிருந்து கொண்டுவந்த ஒயினையும், அதே திராட்சை ரகத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் இன்னொன்றையும் ஒரே அளவு குளிரவைக்க வேண்டும். வீட்டில் வேறொருவர் அடுத்த அறையில் மூன்று தம்ளர்களில் ஊற்றி வரட்டும். இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. வேறானது எது என்று சொல்ல வேண்டும், பிறகு எது பிடித்தது என்றும் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் மூன்றில் ஒருமுறை சரியாக வந்துவிடும் என்பதால் நாலைந்து தடவையாவது செய்ய வேண்டும். அப்புறம் மீதியைச் சாப்பாட்டோடு குடித்து, எந்தப் புட்டி முதலில் காலியாகிறது என்று பார்க்கலாம். கண்டுபிடிக்க முடியாதவர் அடுத்த முறை பாதி விலைப் புட்டியையே வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தில் நாசிக் போய் வரட்டும். கங்காபூர் அணை நீரைப் பார்த்தபடி உட்கார்ந்து வர, பெட்டி பெட்டியாக ஒயின் வாங்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.